மூளை, நரம்பு, வாதம்: மூன்று சொற்களின் வழியே ஓர் உறுப்பை அறிதல்



இப்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவது வழக்கம். மொழியியலைக் கற்று, கற்பித்து, ஓய்வுபெற்ற யாம் மூளையைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மருத்துவர் ஆற்ற வேண்டிய உரையை மொழியியலார் ஆற்றுவது ஏன் என வினவலாம். நாம் பேசும் சொல் ஒவ்வொன்றும் பிறக்குமிடம் மூளையே. அங்கே கேடு நேரும்போது முதலில் நழுவுவனவற்றுள் ஒன்று சொல். அக்கேட்டினை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோமோ, அந்தப் பெயர்தான் நம்மை மருத்துவமனைக்கு அனுப்புகிறது; அல்லது வேறெங்கேனும் அனுப்பிவிடுகிறது. இவற்றுள் கடைசி உண்மையை யாம் நூலில் கற்கவில்லை, வீட்டில் கற்றோம்.

எம் தாய்மாமன் இந்த லெபோ பாசாரில், நம் முதியோர் கடைத்தெரு என வழங்கும் இதே தெருவில், ஒரு துணிக்கடையில் கணக்கராக இருந்தார். வீட்டில் தமிழ், வாடிக்கையாளரிடம் மலாய், மொத்த வணிகரிடம் விலைபேச ஹொக்கியன், பேரேட்டில் ஆங்கிலம் என நான்கு மொழிகள் அவர் நாவில் முறைவைத்து வேலைசெய்தன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் அவர் வலக்கையிலிருந்து தேநீர்க் குவளை நழுவியது. வாய் ஒருபுறம் கோணியது. பேச முயன்றார்; ஒலி வந்தது, சொல் வரவில்லை.

வீட்டில் கூடிய பெரியோர், "காற்று அடித்துவிட்டது, நரம்பு இழுத்துக்கொண்டது" என்றனர். அண்டை வீட்டு மலாய் அம்மையார் 'அங்கின் அஹ்மார்' என்றார். செய்தியறிந்து வந்த சீன நண்பர் 'தியோங் ஹோங்' என்றார். மூவர் சொன்னதும் ஒன்றே: காற்று. காற்றுக்கும் நரம்புக்கும் உரிய மருந்து தைலமும் உருவிவிடுதலும் என்பது நம் வழக்கம். மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்த யாமும் அங்கேதான் இருந்தோம். தைலப் புட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் யாமே. மறுநாள் பிற்பகலில்தான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "எப்போது தொடங்கியது?" என்பது. விடையைக் கேட்டபின் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

அன்று எம் வீட்டில் ஒலித்த மூன்று சொற்களை, மூளை, நரம்பு, வாதம் என்பனவற்றை, இன்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

மூளை

தமிழில் மூளை என்னும் சொல் தலையிலுள்ள உறுப்பை மட்டும் குறிப்பதன்று. எலும்பின் உள்ளீட்டையும் மூளை என்றே வழங்கி வந்துள்ளோம். இனமொழிகளை நோக்கினால் இது தெளிவாகும். கன்னடத்தில் மூளெ என்பது எலும்பு. தெலுங்கில் மூலுக என்பது எலும்பின் உள்ளீடு. மலையாளத்தில் மூள என்பது நம் பொருளிலேயே வழங்குகிறது. ஆகவே நம் முன்னோர் தலையோட்டை ஒரு பெரிய எலும்பாகவும், மூளையை அதன் உள்ளீடாகவும் கண்டனர் எனக் கருத இடமுண்டு.

இது தமிழர்க்கு மட்டும் உரிய பார்வையன்று. பாரசீகத்தில் மக்ஸ் என்னும் சொல் மூளையையும் எலும்பின் உள்ளீட்டையும் குறிக்கும். எலும்பு மஜ்ஜை என நாம் கூறும் வடசொல்லும் உருசிய மொழியில் மூளையைக் குறிக்கும் மோஸ்க் என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. இன்றைய மருத்துவரும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியை மெடுல்லா என்கின்றனர். இலத்தீனில் அதற்கு எலும்பின் உள்ளீடு என்பதே பொருள். நாம் அப்பகுதியை மொட்டு எனப் பொருள்படும் முகுளம் என்னும் சொல்லால் வழங்குகிறோம். பெயரளவில் நம் சொல்லே அழகியது.

ஆனால் உள்ளீடு என்ற எண்ணத்தில் ஒரு குறை உண்டு. உள்ளீடு என்றால் நிரப்பப்பட்ட பொருள். அதற்குள் அமைப்பு இருப்பதாக நாம் எண்ணுவதில்லை. நினைவையும் துயரையும் நாம் நெஞ்சில் வைத்தோம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் அடுக்கி, ஆறாவதாக மனத்தை வைத்தது. ஆயினும் அதனைத் தலைக்குள் வைக்கவில்லை. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் அறிவின் இருப்பிடம் இதயமே என்றார். தலைக்குள் இருப்பது வெறும் உள்ளீடன்று என்பதை உலகம் மெல்லத்தான் உணர்ந்தது.

அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் எடையுள்ளது. உடலெடையில் 2 விழுக்காடே ஆயினும், ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே பெறுகிறது. பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு என மூன்று பெரும்பகுதிகள். இலத்தீனில் சிறுமூளையின் பெயர் பெருமூளையின் பெயருக்குச் சிறுமைப்பொருள் விகுதி சேர்த்து ஆக்கப்பட்டது. தமிழும் அவ்வாறே அடைகொடுத்துப் பிரித்துக்கொண்டது.

பெருமூளையின் மேற்பரப்பு மடிப்புமடிப்பாக அமைந்த புறணி. அதன் தடிப்பு 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவே. மடிப்புகள் இருப்பதால்தான் பெரும்பரப்பு சிறிய மண்டையோட்டுக்குள் அடங்குகிறது. திட்டமிடுதலும் பேச்சை ஆக்குதலும் நெற்றிப்பக்க மடலில். கேட்ட ஒலியைப் பொருளாக்குதல் காதோரப் பொட்டு மடலில். காண்டல் பிடரிப்பக்க மடலில். தொடுவுணர்ச்சி உச்சிப்பக்க மடலில். உடலின் நிலைப்பையும் அசைவின் ஒழுங்கையும் சிறுமூளை காக்கிறது. மூச்சும் நெஞ்சத்துடிப்பும் மூளைத்தண்டின் பொறுப்பு. கடைத்தெருவில் பூக்கடை, நாணயமாற்றுக் கடை, மசாலைக் கடை எனத் தனித்தனியே இருப்பினும், ஒரு திருமணத்துக்குப் பொருள் வாங்குபவர் எல்லாக் கடைகளிலும் ஏறி இறங்குகிறார் அல்லவா? மூளையின் பகுதிகளும் அத்தகையனவே. ஒரு வாக்கியம் பேசி முடிக்கப் பல பகுதிகள் ஒத்துழைக்க வேண்டும்.

நரம்பு

இரண்டாவது சொல் நரம்பு. சங்க காலத்தில் யாழில் கட்டியதும் நரம்பு. இலையில் ஓடுவதும் நரம்பு. தசையை எலும்போடு பிணைப்பதும் நரம்பு. இன்றும் குருதிக்குழாயில் செலுத்தும் ஊசியை நம் வீடுகளில் நரம்பூசி என்கிறோம். மலாயில் ஊராட் என்னும் சொல்லும் இவ்வாறே பரந்த பொருளுடையது. கிரேக்கத்தில் நியூரோன் என்பது தசைநாணையும், வில்லின் நாணையும், யாழ்போன்ற இசைக்கருவியின் நரம்பையும் குறித்தது. அச்சொல்லைத்தான் 1891இல் செருமானிய அறிஞர் வால்டையர் மூளையின் அடிப்படை உயிரணுவுக்குப் பெயராகச் சூட்டினார். நியூரான் என இன்று உலகம் சொல்வதும் நரம்பணு என நாம் சொல்வதும், தொடர்பில்லாத இரு பண்பாடுகள் இசைக்கருவியின் நாணிலிருந்து பெற்ற பெயர்கள்.

பெயர் சூட்டப்படுவதற்கு முன் ஒரு நீண்ட வழக்கு நடந்தது. மூளை ஒரே பின்னலான வலையா, தனித்தனி அணுக்களின் கூட்டமா என்பதே வினா. 1873இல் இத்தாலியரான கோல்ஜி வெள்ளி உப்பினைக் கொண்டு நரம்புத்திசுவைக் கறுப்பாகச் சாயமேற்றும் முறையைக் கண்டார். அதே முறையைச் செம்மைப்படுத்திய இசுப்பானியர் ரமோன் ஈ கஹால், 1888 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒவ்வோர் அணுவும் தனியானது என்று காட்டினார். 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மேடையிலும் கோல்ஜி தம் வலைக்கொள்கையை விடவில்லை. காலம் கஹாலின் பக்கம் நின்றது.

நரம்பணுவுக்கு ஓர் உடல் உண்டு. அதிலிருந்து மரக்கிளைபோல் விரியும் குறுகிய இழைகள் செய்தியைப் பெறுவன, டெண்ட்ரைட்டுகள் என்பர். செய்தியை வெளியே கொண்டுசெல்லும் நீண்ட இழை ஒன்று; அது ஆக்சான். பல ஆக்சான்களின் மேல் மையலின் என்னும் கொழுப்புறை உண்டு. அவ்வுறையால் செய்தி விரைவு பெறுகிறது. மிகவிரைவான இழைகளில் நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல். மையலின் என்னும் பெயரும் கிரேக்கத்தில் எலும்பின் உள்ளீட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. பழைய உவமை அறிவியலுக்குள்ளும் ஒளிந்து வாழ்கிறது.

ஓரணுவின் ஆக்சான் மற்றோரணுவைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இடையே மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவான இடைவெளி. அதனை நரம்பிணைப்பு என்கிறோம். இழையினூடே மின்மாற்றமாக வந்த செய்தி, இவ்விடைவெளியை வேதிப்பொருளாகக் கடக்கிறது. இலக்கணம் அறிந்த அவைக்கு இது புதிதன்று: இரு சொற்கள் தனித்தனியே நிற்கின்றன, ஆயினும் நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் கூடும் புணர்ச்சியிடத்தில்தான் மாற்றம் நிகழ்கிறது. கற்றல் என்பதும் பெருமளவுக்கு இவ்விணைப்புகள் வலுப்பெறுவதும் நலிவதுமே.

நரம்பணுக்கள் எத்தனை? 2009இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட கணக்கு ஏறத்தாழ 8,600 கோடி. வியப்பு யாதெனில், இவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது ஏறத்தாழ 6,900 கோடி, சிறுமூளையில் உள்ளன. பெருமூளைப் புறணியில் 1,600 கோடியே. பெயரில் சிறியது, எண்ணிக்கையில் பெரியது.

நரம்பணு அல்லாத துணையணுக்களும் உண்டு. 1856இல் விர்க்கோ இவற்றுக்குப் 'பசை' எனப் பொருள்படும் கிளியா என்னும் பெயரைச் சூட்டினார். இவை நரம்பணுவைவிடப் பத்து மடங்கு என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. மேற்கூறிய ஆய்வோ, நரம்பணுவல்லாத அணுக்களும் ஏறத்தாழ நரம்பணுக்களின் எண்ணிக்கையிலேயே உள்ளன எனக் கண்டது. அவற்றை வெறும் பசை என்பதும் பொருந்தாது. ஒருவகை அணுக்கள் ஆக்சானுக்கு மையலின் உறையிடுகின்றன. ஒருவகை, குருதிக்குழாய்க்கும் நரம்பணுவுக்கும் இடையே நின்று சூழலைக் காக்கின்றன. ஒருவகை, கிருமியையும் கழிவையும் அகற்றுகின்றன. தாங்குவோர் இன்றித் தலைவர் இல்லை என்பது மூளைக்கும் பொருந்தும்.

இப்போது எம் வீட்டுக்குத் திரும்புவோம். "நரம்பு இழுத்துக்கொண்டது" என்ற தொடரில் நரம்பு என்பது தசைநாண். தசைநாண் சுளுக்கிக்கொண்டால் உருவிவிடலாம். ஆனால் மாமனின் கையில் எந்த நாணும் இழுத்துக்கொள்ளவில்லை. கைக்கு ஆணையிடும் அணுக்கள் தலைக்குள் மடிந்துகொண்டிருந்தன. ஒரு சொல்லின் பழம்பொருள் எம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துச்சென்றது.

வாதம்

மூன்றாவது சொல் வாதம். வாதம், பித்தம், ஐயம் என்னும் முப்பிணிக் கொள்கையில் வாதம் வெறும் காற்றன்று. உடலில் இயக்கத்தை நடத்தும் ஆற்றல். அம்மருத்துவ மரபை யாம் இகழவில்லை. ஆனால் பொதுவழக்கில் அது காற்றாகவே சுருங்கிவிட்டது. அங்கின் அஹ்மார் என்பது 'செங்காற்று'. தியோங் ஹோங் என்பது 'காற்றால் அடிபடுதல்'. திடீரென வீழ்த்துவதும் கண்ணுக்குத் தெரியாததும் காற்றே ஆதலின், மூவின முன்னோரும் அதன்மேல் பழியைப் போட்டனர்.

உண்மையில் நிகழ்வது குருதியின் கதை. பெரும்பாலோர்க்கு மூளைக்குச் செல்லும் குழாய் அடைபடுகிறது. சிலர்க்கு வெடித்துக் கசிகிறது. மூளை தன் உணவைச் சேமித்து வைப்பதில்லை. பெரிய குழாயொன்று அடைபட்டு மருத்துவம் கிட்டாதபோது, ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என 2006இல் கணக்கிட்டனர். அடைப்பைக் கரைக்கும் மருந்தை, தகுதியுடையோர்க்கு, பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள் தரவேண்டும். மருத்துவர் எம்மிடம் நேரத்தைக் கேட்டது இதற்காகவே.

பக்கவாதம் என்ற சொல்லில் 'பக்கம்' என்னும் முன்பகுதி மிகச் சரியானது. பெருமூளையிலிருந்து இறங்கும் இயக்க இழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் குறுக்கே கடந்து மறுபுறம் செல்கின்றன. ஆகவே இடமூளையின் கேடு வலப்பக்கத்தை வீழ்த்தும். பெரும்பாலோர்க்கு மொழியின் முதன்மை இருப்பிடமும் இடமூளையே. மாமனின் வலக்கையும் பேச்சும் ஒரே நேரத்தில் போனதற்கு விளக்கம் இதுதான்.

இவ்வுண்மையை முதலில் நிலைநாட்டியவர் பாரிசு மருத்துவர் பிரோக்கா. 1861இல் அவரிடம் வந்த நோயாளி லெபோர்ஞ், 'தான்' என்ற ஓரசையைத் தவிர வேறு பெரிதாக எதுவும் பேச இயலாதவர். பிறர் சொல்வதைப் புரிந்துகொண்டார். இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இட நெற்றிமடலில் சிதைவு இருந்தது. 1874இல் வெர்னிக்கே இதற்கு மறுதலையான நிலையை விளக்கினார்: பேச்சு தடையின்றி ஓடும், பொருள் இராது, பிறர் பேச்சும் புரியாது. இத்தகையோரை அறிவு பிறழ்ந்தவர் எனக் குடும்பத்தார் எண்ணிவிடுவதுண்டு. அவர்கள் இழந்தது அறிவையன்று, மொழியை.

மாமன் முதல்வகையைச் சார்ந்தவர். குவளையைக் காட்டினால் பெயர் வராது. ஆனால் ஒன்று, இரண்டு எனத் தொடங்கிவைத்தால் பத்துவரை ஓடும். இளமையில் பாடிய பக்திப்பாடல் இடறாது வரும். பழகித் தேய்ந்த தொடர்களும் இசையும் தங்கிவிடுவதைப் பல நோயாளிகளிடம் கண்டுள்ளனர். சில திங்களில் தமிழ் துண்டுதுண்டாகத் திரும்பியது, பின்னர் மலாய். ஹொக்கியன் எண்கள் திரும்பவேயில்லை. பன்மொழியாளரிடம் மிகப் பழகிய மொழியே முதலில் மீளும் என்று 1895இல் பித்ர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். எல்லார்க்கும் அவ்விதி பொருந்துவதில்லை, மாமனுக்குப் பொருந்தியது.

பல மொழி பேசுவது மூளைக்குச் சுமையா என்று பெற்றோர் நம்மிடம் கேட்கின்றனர். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் மறதிநோயாளர் 648 பேரை ஆராய்ந்து, இருமொழியாளர்க்கு நோய் ஏறத்தாழ நான்கரை ஆண்டு பிந்தியே தோன்றியதெனக் கண்டனர்; எழுதப்படிக்கத் தெரியாதோரிடமும் இவ்வேறுபாடு இருந்தது. 2016இல் பக்கவாதத்துக்கு ஆளான 608 பேரைப் பார்த்தபோது, அறிவுத்திறன் கெடாது மீண்டோர் இருமொழியாளரில் 40.5 விழுக்காடு; ஒருமொழியாளரில் 19.6 விழுக்காடு. ஆயினும் பேச்சிழப்பு நேர்வதில் இரு பிரிவினர்க்கும் வேறுபாடு தென்படவில்லை. பன்மொழி ஒரு கேடயம். ஆனால் எல்லா அம்பையும் தடுப்பதன்று.

செய்ய வேண்டுவன

மூளையைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற ஐயம் யார்க்கேனும் உண்டாயின், யாழ்ப்பாணத்தை நினைவுகூர்க. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூல் தமிழில் அச்சேறியது. அங்காதிபாதம் என்ற சொல் இன்று வழக்கில் இல்லை, உடற்கூற்றியல் என்கிறோம். சொல் மாறலாம், தமிழில் கற்பிக்கலாம் என்ற துணிவு மாறவேண்டியதில்லை.

அத்துணிவுக்கு இன்றும் களம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 திசம்பரில் கருவிலுள்ள மனித மூளையின் முப்பரிமாணப் படத்தொகுப்பை வெளியிட்டது. 5,132 மெல்லிய வெட்டுத்துண்டுகளை அணுவளவு நுணுக்கத்தில் படமெடுத்து அமைத்த அத்தொகுப்புக்குத் 'தரணி' என்று பெயர். எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அப்படங்களுக்குத் தமிழில் விளக்கக்குறிப்பு எழுதுவது நம் மாணவர்க்கு ஏற்ற பணி.

இம்மன்றத்தின் முன் யாம் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் அச்சிட்ட ஒரு தாள் இத்தெருவின் ஒவ்வொரு கடையிலும் தொங்கவேண்டும். அதில் நான்கு சொற்கள் போதும்: முகம், கை, பேச்சு, நேரம். முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், நேரத்தைக் குறித்துக்கொண்டு 999ஐ அழைக்க வேண்டும். பக்கவாதம் என்ற பெயரை மாற்றுமாறு யாம் கேட்கவில்லை. வேரூன்றிய சொல்லை ஆணையால் பிடுங்க இயலாது. அதன் அருகே 'மூளைக் குருதிக்குழாய் அடைப்பு' என ஒரு விளக்கத்தைச் சேர்த்தால் போதும். இரண்டாவது, பேச்சிழந்த முதியோரைச் சோதிக்கும் இடங்களில் தமிழறிந்த தொண்டர் ஒருவர் உடனிருக்க வேண்டும். மாமனை முதலில் மலாயில் மட்டுமே சோதித்தனர். ஒன்றும் எஞ்சவில்லை என்று குறித்தனர். தமிழில் ஒரு பாடலைத் தொடங்கி வைத்தபின்னரே எஞ்சியிருந்தது தெரிந்தது.

அவர் அதன்பின் ஏழாண்டுகள் வாழ்ந்தார். கடைக்குத் திரும்பவில்லை. மாலையில் வாயிலில் அமர்ந்து, தெருவில் போவோரைக் கண்டு தலையசைப்பார். எம்மைக் காணும்போதெல்லாம் எம் பெயரைச் சொல்ல முயல்வார். சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் சிரித்துக்கொள்வார். அன்று யாம் தைலப் புட்டியைத் தேடாமல் தொலைபேசியைத் தேடியிருந்தால் அப்பெயர் நாள்தோறும் வந்திருக்குமோ, அறியோம். உங்கள் வீட்டில் அத்தகைய காலைப்பொழுது வருமாயின், சரியான சொல் உங்களிடம் இருக்கட்டும் என்பதற்காகவே இன்று பேசினோம்.